நுளம்பாற்றங்கரையில் இரண்டு இரவுகள்

கிவ்ஸ்குட் சிங்கப் பூங்காவைப் பார்க்காத தமிழ்ப் பிள்ளை யூலாண்டில் இருப்பது அரிது. ஓகூசிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணித்தியால ஓட்டம். 1969 இல் தொடங்கிய இடம். கார்க் கண்ணாடியை இறுக்கி மூடிக்கொண்டு சிங்கங்களுக்கு நடுவால் மெதுவாக ஓட்டிச் செல்லலாம். பின்னாசனத்தில் பிள்ளைகள் சத்தம் போடுவார்கள், முன்னாசனத்தில் ரோல்ஸ் பெட்டி திறக்கப்படும். நாமும் வருடம் ஒருமுறை போய் வருவோம். அங்கேதான் ஒருநாள் எமது மூத்தவன், அப்போது அவனுக்கு ஏழு வயது, "இந்தச் சிங்கங்களின்ர சொந்த ஊர் எது?" என்று கேட்டான். ஆபிரிக்கா என்றோம். "அப்ப இதுகளும் அகதியளோ?" என்றான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எமது தன்சானியாப் பயணத்தின் தொடக்கம் அந்தக் கேள்விதான்.

வீட்டில் அம்மம்மாவுக்குச் சொன்னபோது அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. "காட்டுக்குள்ளால உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடி வந்த ஆக்கள் நாங்கள். இப்ப நீங்கள் காசு குடுத்துக் காடு பாக்கப் போறியளோ?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கை மலேரியா இருக்கெல்லே?" என்று கேட்டார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. 1995 இன் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, அடுத்த வருடம் வன்னிக்குள் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அக்கராயன் பக்கத்தில் ஓலைக் கொட்டில். சுற்றிவர வயலும் வாய்க்காலும். மருந்து கட்டுப்பாட்டில் இருந்த காலம். அம்மம்மாவின் தங்கையின் மகன், நாலு வயதுப் பிள்ளை, மூன்றாம் நாள் காய்ச்சலில் வலிப்பு வந்து போய்விட்டான். மூளை மலேரியா என்று பிறகு சொன்னார்களாம். அந்தப் பிள்ளையின் பெயரை அம்மம்மா இன்றைக்கும் சொல்வதில்லை. எமது சின்னவளுக்கு அப்போது அதே நாலு வயது.

ஆகவே இது நாம் யோசிக்காமல் செய்த பயணம் அல்ல. ஆனாலும் பிழை விட்டோம். அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் எமது குடும்ப வைத்தியரிடம் போனோம். சிறு பிள்ளைகளை மலேரியா உள்ள இடத்துக்கு அவசியமில்லாமல் கொண்டு போகாமல் இருப்பதே நல்லது என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மலேரியா பெரியவர்களை விட வேகமாக விழுத்தும். காலையில் விளையாடிய பிள்ளை அடுத்த நாள் நினைவிழந்து கிடக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2023 இல் உலகம் முழுவதிலும் சுமார் 597,000 பேர் மலேரியாவால் இறந்தார்கள். அதில் நூற்றுக்கு 95 பங்கு ஆபிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். கூடுதலான மரணங்கள் நடக்கும் நாலு நாடுகளில் தன்சானியாவும் ஒன்று.

சின்னவள் கைக்குழந்தையாக இருந்திருந்தால் நாம் போயிருக்க மாட்டோம். நாலு வயதில், சரியான மருந்தோடு போகலாம் என்று முடிவெடுத்தோம். சரியா பிழையா என்று இன்றைக்கும் எமக்குள் வாக்குவாதம் உண்டு.

மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் எம்மவர்களிடம் இதில்தான் குழப்பம் கூட. ஊரில் நாம் விழுங்கிய குளோரோகுயின் ஆபிரிக்காவுக்கு உதவாது. அங்குள்ள கொடிய வகையான பல்சிபாரம் கிருமி அந்த மருந்துக்கு எப்போதோ பழகிவிட்டது. இன்று பெரும்பாலும் கொடுப்பது மலரோன் என்று அறியப்பட்ட குளிசை. அற்றோவாகுவோன், புறோகுவானில் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்தது. அதே மருந்து வேறு பெயர்களில் மலிவாகவும் வருகிறது. பிள்ளைகளுக்குச் சிறிய குளிசை தனியாக உண்டு. எத்தனை என்பதைத் தீர்மானிப்பது பிள்ளையின் வயது அல்ல, நிறை. எமது சின்னவள் 15 கிலோ, அவளுக்கு நாளுக்கு ஒன்று. மூத்தவன் 23 கிலோ, அவனுக்கு இரண்டு. எனவே வைத்தியரிடம் போகும் முன் பிள்ளையைத் தராசில் நிறுத்துக்கொண்டு போங்கள். போன வருடத்து நிறையைச் சொல்லக்கூடாது.

லாரியம் என்று கிழமைக்கு ஒருமுறை போடும் குளிசையும் உண்டு. பயணத்துக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே தொடங்க வேண்டும். சிலருக்குக் கெட்ட கனவு, மனக்குழப்பம் கொண்டுவரும் என்பதால் எமக்கு அது வேண்டாம் என்றோம். போரைக் கண்ட தலைகளுக்குள் கனவு ஏற்கனவே போதும். டொக்சிசைக்கிளின் பெரியவர்களுக்குச் சரி, வளரும் பல்லைப் பழுதாக்கும் என்பதால் சிறு பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. மலேரியாத் தடுப்பூசி என்று பத்திரிகைகளில் வந்ததே என்று சிலர் எம்மிடம் கேட்டார்கள். உண்மைதான். 2021 இலும் 2023 இலும் இரண்டு தடுப்பூசிகளை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆனால் அவை அங்கேயே வாழும் குழந்தைகளுக்கு. நாலு தடவைக்குக் குறையாமல் போட வேண்டும். போய் வருபவர்களுக்கு அல்ல.

மலரோனைப் பயணத்துக்கு ஒன்றிரண்டு நாளைக்கு முன் தொடங்கி, அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் போட்டு, திரும்பி வந்த பின்னும் ஏழு நாள் தொடர வேண்டும். இந்த ஏழு நாளை வாசகர்கள் நினைவில் வைத்திருங்கள்.

அப்போத்தேக்கில் நாலு பேருக்கும் குளிசை வாங்கிய காசு எமது ஒரு கிழமைச் சாப்பாட்டுச் சாமானுக்குப் போகும் காசை விடக் கூட. பயணத்துக்குப் போடும் மருந்துக்குக் கொம்யூன உதவி இல்லை. பயணச் செலவைக் கணக்குப் பார்க்கும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒக்டோபர் மாதம், 42ஆம் கிழமை விடுமுறை. அந்தக் காலத்தில் டெனிஸ் பிள்ளைகள் உருளைக்கிழங்கு கிண்ட விட்ட லீவு என்பதால் இன்றும் அதற்கு உருளைக்கிழங்கு விடுமுறை என்று பெயர். பாடசாலையில் கேட்டு மேலதிகமாக மூன்று நாள் எடுத்தோம். பிலுண்டிலிருந்து ஆம்ஸ்ரடாம், அங்கிருந்து நேரே கிளிமஞ்சாரோ விமான நிலையம். இடையில் வேறு ஆபிரிக்க நாட்டில் நீண்ட நேரம் தங்கினால் மஞ்சட்காய்ச்சல் ஊசிப் பத்திரம் கேட்கக்கூடும் என்பதால் இந்த வழியைத் தெரிந்தெடுத்தோம். டெனிஸ் பாஸ்போட் உள்ளவர்களுக்கு விசா சுலபம். அகதிப் பாஸோடு இருப்பவர்கள் சீட்டு வாங்கும் முன் நன்றாக விசாரியுங்கள். நாமும் ஒரு காலத்தில் அந்தப் பாஸோடு ஒவ்வொரு எல்லையிலும் வியர்த்தவர்கள்தான்.

ஒரு சிறு அவமானத்தையும் சொல்லிவிடுகிறோம். தன்சானியாவில் 2019 இலிருந்து பிளாஸ்ரிக் பைகள் தடை. முறுக்கு, பகோடா, பருத்தித்துறை வடை என்று அம்மம்மா ஏழு கடைப் பைகளில் கட்டித் தந்திருந்தார். ஆம்ஸ்ரடாம் விமான நிலையத்தில் நிலத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளும் தலையணை உறைக்குள்ளும் மாற்றினோம். பார்த்தவர்கள் பார்த்தார்கள். முறுக்கு தப்பியது.

அருஷா நகரம் சுமார் 1400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காலைக் குளிரும் செம்மண்ணும் வாகை மரங்களும். அங்குள்ள சுவாகிலி மொழியில் தேநீருக்குச் சாய், சப்பாத்திக்குச் சப்பாத்தி. பல தலைமுறைக்கு முன் கடல் கடந்து வந்த குஜராத்திகள் விட்ட சொற்கள். எமது பிள்ளைகள் மூன்று நேரமும் சப்பாத்தியே சாப்பிட்டார்கள். சின்னவள் சுவாகிலியில் மிருகங்களின் பெயரைப் பாடமாக்கினாள்: சிம்பா சிங்கம், தெம்போ யானை, துவிகா ஒட்டகச்சிவிங்கி. வாகனச் சாரதி நுளம்புக்கு அவர்களுடைய சொல்லையும் சொல்லிக் கொடுத்தார்: ம்பு.

முதலில் தரங்கிரி. ஒக்டோபரில் எங்கும் காய்ந்து கிடக்கும், ஆற்றில் மட்டும் தண்ணீர் இருக்கும். அதனால் யானைகள் எல்லாம் ஆற்றங்கரைக்கு வந்துவிடும். ஒரே பார்வையில் அறுபது எழுபது யானை. ஒரு குட்டி தாயின் காலுக்கிடையில் நின்று மண்ணை அள்ளித் தலையில் போட்டது. மூத்தவன் மூச்சு விடாமல் பார்த்தான். கிவ்ஸ்குட்டைப் பற்றி அவன் அதன் பிறகு கதைக்கவில்லை. அங்கே வேறொரு தொல்லை, செற்சி ஈ. சேட்டுக்கு மேலாலும் குத்தும். கறுப்பு, கடும் நீலம் என்றால் ஓடி வரும்; அதனால்தான் அந்த நிறத் துணிகளையே மரங்களில் பொறியாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு நாம் வாங்கிப்போன புதுக் காற்சட்டை எல்லாம் கடும் நீலம்!

பிறகு கொரொங்கோரோ. எரிமலை வெடித்து உள்ளே இடிந்து விழுந்த பெரிய கிண்ணம், அறுநூறு மீற்றர் ஆழம். விளிம்பில் சுமார் 2300 மீற்றர் உயரம். இரவில் ஓகூஸ் மாதிரிக் குளிர். அவ்வளவு உயரத்தில் மலேரியா நுளம்பு குறைவு. அதனால் சிலர் அங்கே குளிசையை விட்டுவிடுவார்களாம். அடுத்த நாள் கீழே இறங்கும்போது என்ன செய்வார்களோ தெரியாது.

செரங்கெற்றியைப் பற்றி எழுதப் புத்தகங்கள் நிறைய உண்டு, நாம் அதிகம் எழுதவில்லை. 14,700 சதுர கிலோமீற்றருக்கு மேல். யூலாண்டின் அரைவாசி என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாளில் ஏழெட்டு மணித்தியாலம் வாகனத்துக்குள் குலுங்க வேண்டும். இறங்க முடியாது. சிறுநீர் கழிக்கக்கூடச் சாரதி சொல்லும் இடத்தில்தான். மூன்றாம் நாள் சின்னவள் சிங்கத்தைக் காட்டினால் "ஓம், கண்டிட்டன்" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். காலையில் ஒரு தடவை, பிற்பகல் ஒரு தடவை, இடையில் நித்திரை. அதற்கு மேல் இந்த வயதுக்குத் தேவையில்லை.

அவளோடு குளிசைப் போராட்டமும் இருந்தது. கசப்பு. கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் இந்த மருந்து உடம்பில் நன்றாகச் சேரும். எனவே குளிசையை இரண்டு கரண்டிக்கு நடுவே நசித்து, ரின்பாலில் குழைத்துக் கொடுத்தோம். அது பிடித்துக்கொண்டது. ஒருநாள் விழுங்கிப் பத்து நிமிடத்தில் வாகனத்துக்குள் சத்தி எடுத்துவிட்டாள். ஒரு மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார், கொடுத்தோம். அதனால் கணக்குக்கு மேல் நாலைந்து குளிசை கூடுதலாகக் கொண்டு போவது நல்லது.

பின்னேரம் ஐந்தரை ஆனதும் ஒரே வேலை. பிள்ளைகளுக்கு நீளக் கை, நீளக் காற்சட்டை, காலுறை. பிறகு நுளம்பு மருந்து. பிள்ளையின் கையில் பூசக்கூடாது, கை வாய்க்குள் போகும். எந்த வயதுக்கு எந்த மருந்து என்பதைப் போத்தலில் பார்த்து, அப்போத்தேக்கிலும் கேட்டு வாங்க வேண்டும். பகலில் வெயிற்கிறீம் பூசியிருந்தால் அது முதல், நுளம்பு மருந்து அதன் மேல். பிறகு மருந்து ஊட்டிய வலைக்குள் படுக்கை, வலையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகுவது. மலேரியா பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரைதான் குத்தும். பூமத்திய கோட்டுக்குக் கிட்ட இரவு சட்டென்று விழுந்துவிடும். ஆறரை மணிக்கு வெளிச்சம், ஏழு மணிக்குக் கும்மிருட்டு. ஓகூஸின் நீண்ட மாலைகளுக்குப் பழகிய எமக்கு இதில்தான் ஒவ்வொரு நாளும் பிந்தியது.

கடைசி இரண்டு இரவும் மன்யாரா ஏரிக் கரையில் உள்ள ஒரு சிறு ஊரில். அதன் பெயர் ம்ரோ வா ம்பு. சுவாகிலியில் ம்ரோ என்றால் ஆறு. ம்பு என்ன என்பதைச் சின்னவளே சொல்லிவிட்டாள்: நுளம்பாறு! பெயரிலேயே எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஊர் எம்மை ஏமாற்றியது, அதன் அழகால். மலையடிவாரத்தில் இருந்து வாய்க்கால்கள் இறங்கி வருகின்றன. வாய்க்கால் ஓரம் வாழைத் தோட்டம். செவ்வாழைக் குலைகள் தொங்குகின்றன. அதற்கு அப்பால் நெல் வயல். ஆபிரிக்காவில் நெல் வயலைக் காண்போம் என்று நாம் நினைத்திருக்கவில்லை. வரம்பில் ஒரு பெண் தலையில் கட்டோடு நடந்து போனார். வெயில் தாழத் தண்ணீரின் மணமும் சேற்றின் மணமும் ஒன்றாக வந்தன. தவளைகள் கத்தத் தொடங்கின. பத்து நாளாக அந்நியமாக இருந்த நாடு ஒரு கணத்தில் இரணைமடுவுக்குக் கீழே உள்ள ஊராக மாறிவிட்டது.

எங்களில் ஒருவர், அதாவது பிள்ளைகளின் அப்பா, கிளிநொச்சியில் வயலுக்குள் வளர்ந்தவர். அன்றிரவு பிள்ளைகளை வலைக்குள் படுக்க வைத்துவிட்டு, சாரத்தோடும் வெறும் மேலோடும் வெளித் திண்ணையில் இருந்தார். மற்றவர் உள்ளே வரச் சொன்னதற்கு, "இது எங்கட நுளம்பு. சின்னனிலை குத்தாத குத்தா? எனக்கு நாலு தரம் மலேரியா வந்தது. உடம்பு பழகிட்டுது" என்றார். அடுத்த இரவும் அப்படியே. இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு தவளைச் சத்தம் கேட்கும் மனிதரிடம் என்ன சொல்வது? நாமும் அதிகம் வற்புறுத்தவில்லை.

ஓகூசுக்குத் திரும்பினோம். பிள்ளைகளுக்கு ஏழு நாள் குளிசையை நாட்காட்டியில் அடையாளம் போட்டுக் கொடுத்து முடித்தோம். அப்பா இரண்டாம் நாளோடு நிறுத்திவிட்டார். வேலை, குளிர், இங்கே எங்கே நுளம்பு என்ற நினைப்பு. ஐந்து குளிசை மீதியாக மேசை இலாச்சிக்குள் கிடந்தது.

திரும்பி வந்து பதினோராம் நாள் அவருக்குக் காய்ச்சல். ஒக்டோபர் முடியும் நேரம், வேலையிடத்தில் எல்லோருக்கும் தடிமன், இருமல். பனடோல் போட்டுக்கொண்டு படுத்தார். இரண்டாம் நாள் குளிர் நடுக்கம். மூன்று போர்வையும் போதவில்லை. நாம் இரவு வைத்தியர் சேவைக்குத் தொலைபேசி எடுத்தோம். பருவத்துக் காய்ச்சல், ஓய்வெடுத்து நிறையத் தண்ணீர் குடிக்கவும் என்றார்கள். அவர்களில் குற்றம் சொல்ல மாட்டோம், ஏனென்றால் எங்கே போய் வந்தோம் என்று நாம் சொல்லவே இல்லை. அவர்களும் கேட்கவில்லை.

கண்டுபிடித்தவர் அம்மம்மா. அறை வாசலில் நின்று அந்த நடுக்கத்தைப் பார்த்தார். கிட்டப் போகவும் இல்லை. "இது தடிமன் இல்லை. இது குளிர்காய்ச்சல். எனக்குத் தெரியும்" என்றார். அவருடைய கை நடுங்கியதை நாம் கண்டோம். உடனே திரும்பத் தொலைபேசி எடுத்து, முதல் வசனமாகவே "ஆபிரிக்காவிலிருந்து வந்து இரண்டு கிழமை ஆகவில்லை, மலேரியாவாக இருக்கலாம்" என்றோம். கதை அப்படியே மாறியது. அரை மணித்தியாலத்தில் ஸ்கைபி வைத்தியசாலைக்கு வெளிக்கிட்டோம்.

விரலில் குத்தி எடுத்த இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். பல்சிபாரம். நல்ல காலம், கிருமியின் அளவு இன்னும் அதிகமாகவில்லை. ஒருநாள் பிந்தியிருந்தால் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். முதற் சோதனையில் கிருமி தெரியாவிட்டாலும் வீட்டுக்கு விடாமல், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள் என்றும் விளக்கினார். கொடுத்த மருந்து ஆர்ற்றிமிசினின் வகை; சீனத்து மூலிகைச் செடி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தது. அதைக் கண்டுபிடித்த தூ யூயூ என்ற பெண்மணிக்கு 2015 இல் நோபல் பரிசு கிடைத்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

அன்றே பிள்ளைகள் இருவரின் இரத்தத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேட்டோம். காய்ச்சல் இல்லாத பிள்ளைக்குச் சோதனை தேவையில்லை, மூன்று மாதத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் உடனே கொண்டுவாருங்கள் என்றார்கள். அந்த மூன்று மாதமும் இரவில் நாலு தரம் எழும்பிப் பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை.

வார்ட்டில் இருந்த இளம் வைத்தியர் ஒருவர் எமக்குப் பொறுமையாகச் சொன்னவற்றை வாசகர்களும் கேட்க வேண்டும். மலேரியா பலமுறை வந்தவருக்குக் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி வருவது உண்மை. ஆனால் அந்த நாட்டை விட்டு வெளியேறிச் சில வருடத்தில் அது கரைந்து போய்விடும். அதற்கும் மேல், இலங்கையில் எம்மில் கூடுதலானவர்களுக்கு வந்தது வைவக்ஸ் என்ற வேறு வகை. ஆபிரிக்காவின் பல்சிபாரத்துக்கு அந்த அனுபவம் துணை வராது. ஐரோப்பாவில் மலேரியாவோடு ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் பெரும்பகுதியினர் சுற்றுலா போன வெள்ளையர் அல்லராம். இங்கே குடியேறிவிட்டு, சொந்த ஊரைப் பார்க்கப் போய் வந்த ஆபிரிக்கர்களாம். "எங்கட ஊர் நுளம்பு எங்களை என்ன செய்யும்" என்று அவர்களும் நினைக்கிறார்கள். குளிசை ஏன் ஏழு நாள் என்பதற்கும் அவரே விளக்கம் தந்தார். நுளம்பு குத்தியதும் கிருமி நேரே ஈரலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், ஒரு கிழமை அளவில் அங்கே பெருகிப் பிறகுதான் இரத்தத்துக்கு வரும். கடைசி இரவில் குத்திய நுளம்பின் கிருமியைப் பிடிக்கத்தான் அந்த ஏழு குளிசை. இலாச்சிக்குள் கிடந்த ஐந்தையும் அப்போது நினைத்தோம்.

இன்னொரு விடயமும் அவரிடம்தான் அறிந்தோம். டென்மார்க்கிலும் ஒரு காலத்தில் மலேரியா இருந்ததாம்! 1831 இல் லொலண்ட், ஃபால்ஸ்ரர் தீவுகளில் பெரிய கொள்ளைநோயாகவே வந்திருக்கிறது. சதுப்பு நிலங்களை வடித்தும், மாட்டைத் தனிக் கொட்டகையில் கட்டியும், வீடுகள் நல்ல வீடுகளாக மாறியும் 1900 அளவில் மறைந்து போனது. டெனிஸ் கிராமத்தவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் கொல்ஃபீபர். தமிழில் சொன்னால் குளிர்காய்ச்சல். அம்மம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப இவையளும் எங்களை மாதிரித்தான்" என்றார்.

இந்தப் பயணத்துக்கு ஆயத்தமாகும் பெற்றோர் சிலர் எம்மிடம் யோசனை கேட்டார்கள். கைக்குழந்தையோ, கர்ப்பிணித் தாயோ இருந்தால் போகாதீர்கள். மிருகங்கள் அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும். ஆபிரிக்காதான் வேண்டும் என்றால் தென்னாபிரிக்காவில் மலேரியா இல்லாத சரணாலயங்கள் உண்டு: பிலானஸ்பேர்க், மடிக்வே, யானைகளுக்குப் பெயர்போன அடோ. கிளம்புவதற்கு ஆறு கிழமைக்குக் குறையாமல் வைத்தியரைப் பாருங்கள். சேரும் சென்று வந்த நாடுகளின் பெயரையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். காய்ச்சல் வந்தால் அந்தத் துண்டைப் பார்த்துத் தொலைபேசியில் முதலில் அதைச் சொல்லுங்கள். எமது துண்டு இன்றும் கதவில் இருக்கிறது.

அடுத்த யூலையில் இலங்கைக்குப் போவதாக இருக்கிறோம். மூத்தவனுக்கு வில்பத்துவில் சிறுத்தை பார்க்க வேண்டும், மின்னேரியாவில் யானைக் கூட்டம் பார்க்க வேண்டும். அங்கே குளிசை தேவையில்லை என்று அம்மம்மாவுக்குச் சொன்னோம். 1934–35 இல் ஏறக்குறைய எண்பதாயிரம் பேரைக் கொண்டுபோன நாடு அது. டி.டி.ரி. அடித்து 1963 இல் பதினேழு நோயாளிகள் வரை குறைந்தது. கவனம் குறைய, அறுபதுகளின் கடைசியில் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. பிறகு போருக்குள்ளும் மலேரியாத் தடுப்பு ஊழியர்கள் இரண்டு பக்கமும் வேலை செய்து, 2012 ஒக்டோபரோடு உள்ளூரில் தொற்றும் மலேரியா நின்றுபோனது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்று கொடுத்தது. டெங்கு இருக்கிறது, அது பகலில் குத்தும் நுளம்பு, அதற்கு நீளக் கை போட வேண்டும் என்றும் சொன்னோம்.

டெங்குக் கதை அவருடைய காதில் விழவில்லை. "வன்னியிலையும் இல்லையோ?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அக்கராயனிலையும்?" இல்லை என்றோம். கொஞ்சம் பொறுத்து மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு எழும்பி, நாம் தன்சானியாவுக்குக் கொண்டு போன வலையைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார். "இது இருக்கட்டும், கொண்டு போங்கோ" என்றார்.